அவங்கம்மா தங்கமுங்க

துப்பறியும் நாவல் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. காரணம் ஒரே ஒரு அக்கா. கம்பைநல்லூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தவர். என் தங்கச்சி கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்து வாசலில் நின்றாளே, அதற்கு யார் காரணம் என்று என்னைக் கேட்டால், ஆறு வருஷமாக மனசுக்குள் நான் திட்டிக்கொண்டிருப்பது அந்த அக்காவைத்தான். திட்டுவது நியாயமா இல்லையா என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு. வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டன் எப்போதும் இருக்காது. லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு ஃபிரிட்ஜ், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற ஒரு மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். மெஷின் சுற்றி நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அக்கா புத்தகத்தைப் பிரித்துவிடுவார். "இது நிக்கறதுக்குள்ள ஒருத்தன் செத்துருவான் தம்பி" என்பார். நாவலுக்குள்தான்.

ஊசி போடும்போது மற்றவர்கள் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள் இல்லையா? அக்கா சொல்ல மாட்டார். "வலிக்குங்களா?" என்று யாராவது கேட்டால், "வலிக்கும். அஞ்சு எண்ணறதுக்குள்ள முடிஞ்சுரும். கைய நீட்டுங்க" என்பார். கேட்காதவரிடம் அதையும் சொல்ல மாட்டார். கேட்டால் உள்ளது உள்ளபடி, கேட்காவிட்டால் ஒன்றுமே கிடையாது. இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் இந்த ஊரில் சம்பாதித்த மனஸ்தாபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு சந்தை நாளில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் அவன் அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்க வந்தான்.

"அவர வரச் சொல்லு" என்றார் அக்கா.

"நான் அவரு பையந்தானுங்க்கா. அப்பாரு டிராக்டர்ல உக்காந்திருக்காரு."

"ரத்தம் அவருது. அவரு எறங்கி வரட்டும்."

"அவருக்கு மனசு தாங்காதுங்க. நாங்களே வூட்ல வச்சு மெதுவா சொல்லிக்கறோம்."

"மெதுவா சொன்னா சர்க்கர கொறையுமா?"

பையன் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். கடைசியில் பெரியவரே இறங்கி வந்தார். அக்கா இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "செரிங்கம்மா" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ரத்தம் பார்க்க அரூருக்குத்தான் போனது. ஜெராக்ஸ் எடுக்கவும் அரூருக்கே போனது. அக்கா துளிகூட வருத்தப்படவில்லை. வயிறு எரிந்தது எனக்குத்தான்.

அந்தப் புத்தகங்களைத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்கி வருவார். எல்லாம் வெளிநாட்டுக் கதைகள். அவசர அவசரமாகத் தமிழில் மொழிபெயர்த்தவை. பாதிக்கு மேல் அட்டையே இருக்காது. எனக்கு எல்லாம் ஒரே கதையாகத்தான் தெரிந்தது. ஒரு பெரிய பட்டணம். ஓயாத மழை. வாடகை அறை ஒன்றில் ஒருத்தன் காலை மேஜைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போலீஸில் இருந்து ஒத்துவராமல் விலகினவன். யாராவது வந்து ஒரு ஆளைத் தேடித் தரச் சொல்வார்கள். தேடிப் போவான். மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை அவன் மண்டையில் எவனாவது போடுவான். இவன் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்க அதே வீட்டுக்குப் போவான்.

"இதுல அப்படி என்னாக்கா இருக்குது?" என்று கேட்டேன்.

"அடி வாங்குனவன் மறுபடி போயி கேக்கறான் பாரு, அதான் இருக்குது. நம்மாளுங்க கேப்பாங்களா? ஒருதரம் மொறச்சாலே வூட்டுக்கு வந்துருவாங்க."

இன்னொரு வகைத் துப்பறியும் கதை உண்டே, பங்களா ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துக் கடைசியில் ஒருத்தர் புட்டுப்புட்டு வைப்பாரே, அது அக்காவுக்குக் கட்டோடு பிடிக்காது. "இருவது பேரு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து ஒருத்தன் பேசறதக் கேக்கறாங்களாமா! நம்மூர்ல பஞ்சாயத்துல உக்காந்து பாரு, மொத வார்த்தைக்கே வேட்டிய மடிச்சுக் கட்டிருவானுங்க. கண்டுபிடிச்சதும் எல்லாரும் கை தட்டி நன்றி வேற சொல்றாங்க. உண்மையச் சொன்னவனுக்கு எந்த ஊர்ல தம்பி நன்றி சொல்லியிருக்காங்க?"

ஒரு தடவை சொன்னார்: "கொலைகாரன் கடைசியிலதான் மாட்டுவான். ஆனா இந்தக் கதைங்கள்ல மொதப் பொய்யச் சொல்றது அவன் இல்ல. வேலை குடுக்க வர்ற ஆளு. அந்தாளு பொய்தான் சொல்றான்னு தெரிஞ்சேதான் இவன் வேலைய எடுத்துக்கறான்."

"தெரிஞ்சும் எதுக்கு எடுத்துக்கறான்? பைத்தியமா?"

"கேள்வி பொய்யா இருந்தா பதில் பொய்யா ஆகிருமா என்ன?"

இப்படித்தான். பேச ஆரம்பித்தால் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒன்றை நானும் வாங்கிப் படித்தேன். இருநூறு பக்கம். கொன்றவன் ஊரிலேயே பெரிய பணக்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறான். போலீஸ் ஃபைலை மூடிவிடுகிறது. பணக்காரன் அவன் பங்களாவிலேயே இருக்கிறான். நம் ஆள் அறைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறான். முற்றும்! புத்தகத்தைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் ஓங்கிப் போட்டேன்.

"கண்டுபிடிச்சு என்னத்துக்காச்சுங்க்கா?"

"தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சு? செத்தவ செத்தவதான், ஏமாத்துனவன் ஏமாத்துனவன்தான். இவன் போயி அந்தாளு சட்டையப் புடிக்க வேண்டாமா?"

"அது அவன் வேல இல்ல தம்பி. சொல்றதுதான் வேல. கேட்டவங்க அத வச்சு என்ன பண்றாங்கங்கறது கேட்டவங்க பாடு."

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது!

எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரிப்பது வழக்கம். பெரியப்பா, மாமன், பங்காளி என்று மூன்று ஆம்பளைகள் வெள்ளை வேட்டியில் போய் அந்த ஊர் டீக்கடையில் உட்காருவார்கள். வேட்டியைப் பார்த்ததுமே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கெதற்கு என்று ஒருத்தரும் குறையாக ஒரு சொல் பேச மாட்டார்கள். அதற்காக வாய் கூசாமல் பொய் சொல்லவும் வராது. பையனைப் பற்றிக் கேட்டால் பையனின் அம்மாவைப் புகழ்வார்கள். "அவங்கம்மா தங்கமுங்க." இல்லாவிட்டால் தோட்டத்துக் கிணற்றைப் புகழ்வார்கள். போனவர்களும் டீயைக் குடித்துவிட்டு, நல்ல குடும்பம் என்று திரும்பிவிடுவார்கள்.

"டீ குடிச்சா தங்கம். கூட போண்டாவும் தின்னா வைரம்" என்பார் அக்கா. "ஆளப் பத்திக் கேக்கறப்ப ஆளத் தவிர மத்த எல்லாரையும் புகழறாங்கன்னா, எந்திரிச்சு வந்துர வேண்டியதுதான்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டுவிட்டேன் அல்லவா, சொன்னார்.

"எங்கப்பா எனக்கு விசாரிச்சுட்டு வந்து, மாமியார் தங்கம்னாரு. தங்கந்தான். அவரு என்னை வுட்டுட்டுப் போயி பதினோரு வருசம் ஆச்சு, அந்தம்மா இன்னும் மாசத்துக்கு ஒருதரம் போன் பண்ணி அழுவுது." சொல்லிவிட்டு டெஸ்ட் டியூப்பில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எங்கள் தெரு டீச்சர் ஒருவர் தன் மகளுக்கு வந்த வரனை விசாரித்துத் தரச் சொல்லி ரகசியமாக அக்காவிடம் கேட்டார். அக்கா பிரஷர் பார்க்கிற மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனார். பிரஷர் பார்க்க வந்த அம்மா என்றால் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே இரண்டு கேள்வி. வந்து டீச்சரிடம் சொன்னார். வரன் நின்றுபோயிற்று. என்ன சொன்னார் என்று நான் மாதக்கணக்கில் கெஞ்சிப் பார்த்தேன். "நீயா கேட்ட? டீச்சர் கேட்டாங்க." அவ்வளவுதான் பதில். அதற்குப் பிறகு இன்னும் சில வீடுகளும் ரகசியமாக அக்காவைத் தேடி வந்தன.

பிறகு நான் கேட்டேன்.

தங்கச்சிக்கு ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு ஊரிலிருந்து வரன் வந்தது. பையன் ஓசூரில் கம்பெனி வேலை. பெரியப்பாவும் மாமாவும் போய் டீ குடித்துவிட்டுத் திருப்தியாக வந்தார்கள். எனக்கென்னவோ ஒரு உறுத்தல். நானும் ஒரு தரம் விசாரிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, கடை திறக்க வந்த என்னை லேபுக்குள் கூப்பிட்டார். கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மூணு வூட்ல கேட்டேன். மூணு பேரும் அவங்கம்மாவத்தான் சொன்னாங்க. நாலாவது ரோட்டோரத்துல மீன் வறுக்கற ஒரு அம்மா. அது யாரையும் புகழல. ஓசூர்ல கேட்டீங்களான்னுச்சு. சனிக்கிழம லேப மூடிட்டு ஓசூர் போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிர்ல நின்னு, அவன் பைக் பின்னாடியே ஆட்டோவுல போனேன். அவன் போயி நின்ன வூட்டு வாசல்ல பொம்பள செருப்பு, கொழந்த செருப்பு. எதிர் வூட்ல கேட்டா புருசன் பொண்டாட்டிங்கறாங்க. மூணு வருசமா."

"அப்ப பையன் கெட்டவனாக்கா?" என்று கேட்டேன்.

"கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அவங்க வூட்ல சொல்லத் தைரியமில்லாதவன். ஆனா உன் தங்கச்சிக்கு அந்த வூட்ல எடமில்ல. கேட்ட, சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அப்போது பெண் பார்த்து முடிவாகியிருந்தது. எனக்குப் பிடித்த பெண். எங்களில் கல்யாணமாகாத தங்கச்சி இருக்கும்போது அண்ணனுக்குக் கல்யாணம் செய்ய மாட்டார்கள். பெண் வீட்டில் ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆடிக்கு ஏழு வாரம் இருந்தது. இந்த வரன் போனால் இன்னொன்று அமைய ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷம் ஆகலாம். கல்யாணம் ஆனால் பையன் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைக்கச் சொல்லி என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார், "விசாரிச்சியா சாமி?"

"விசாரிச்சாச்சுப்பா. ஒண்ணும் கொறையில்ல. அவங்கம்மா தங்கமாம்" என்றேன்.

அப்பா இந்த ஊர்க்காரர். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப பத்திரிகை அடிச்சுரலாம்" என்றார்.

கல்யாணத்துக்கு அக்கா வந்தார். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தாலி கட்டும்போது மண்டபமே மணமேடையைப் பார்த்தது. அக்கா என்னைப் பார்த்தார். அட்சதை போட்டார், சாப்பிட்டார், போய்விட்டார். மூன்று வாரத்தில் என் கல்யாணமும் நடந்தது.

தங்கச்சி திரும்பி வந்தது ஒரு மத்தியானம். அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுக்கு வருவதே அபூர்வமாகி, கடைசியில் ஒருநாள் அவனே எல்லாவற்றையும் சொல்லி அழுதானாம். "பாவம்ண்ணா, அவனும்" என்றாள் தங்கச்சி. அந்த 'பாவம்' என்ற சொல்லைத் தாங்க முடியாமல் நான் நேரே லேபுக்குப் போனேன். யாரையாவது கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது.

"நீங்க ஏங்க்கா எங்கப்பாகிட்டச் சொல்லல? நாலாவது வரிசையில உக்காந்து சோறு தின்னீங்களே, எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீதான தம்பி கேட்ட. உன்கிட்டச் சொன்னேன்."

"அந்த நாவலப் படிச்சுப் படிச்சு உங்களுக்கு மனசே மரத்துப்போச்சு! சொல்றதோட வேல முடிஞ்சுதாமா! உங்க நியாயப்படியே பாத்தாலும், ரத்தம் யாருதோ அவங்ககிட்டதான ரிப்போர்ட் குடுப்பீங்க? இதுல ரத்தம் யாருது? எனக்கா கல்யாணம்? என்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

சும்மா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அக்கா அடி வாங்கினவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெஷின் சுற்றி நின்றது. அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார். "இத்தன வூட்டுக்கு விசாரிச்சுக் குடுத்துட்டேன். ஒரு தடவகூட அந்தந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லல. எந்தப் பொண்ணும் வந்து என்னைக் கேக்கல. அதுங்களுக்குக் கேக்கலாம்னே தெரியாதுங்கறது எனக்கு உறைக்கவே இல்ல பாரு."

நான் எதிர்பார்த்தது சண்டை. அதையும் தராமல் அக்கா அழுதார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் அக்கா லேபைக் காலி செய்துகொண்டு சேலம் போனார். கிளம்பும் அன்று புத்தகக் கட்டை என் கடையில் வைத்துவிட்டு, "உன் தங்கச்சி வந்திருந்தா" என்றார்.

"எதுக்கு?"

"கேட்டா. சொல்லிட்டேன்."

"என்னன்னு கேட்டா?"

"விசாரிச்சீங்களான்னா. விசாரிச்சேன்னேன். யாருகிட்ட எப்பச் சொன்னீங்கன்னா. உன்கிட்ட, பத்திரிகை அடிக்கறதுக்கு மொதல்லன்னேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனால் தங்கச்சி சோறு போட்டாள். குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆறு வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. நானாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதிரி ஒரு நிலைமையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனாரே என்றுதான் அக்காவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அந்தப் புத்தகங்களை இப்போது படிக்கிறேன். எரிச்சலோடுதான் படிக்கிறேன், ஆனாலும் கீழே வைக்க முடிவதில்லை. எல்லோரும் அந்த மழைக்கும் அடிதடிக்கும் படிக்கிறார்களோ என்னவோ. எனக்கு முதல் அத்தியாயம்தான் கதை. நன்றாக உடுத்திக்கொண்டு ஒரு ஆள் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வீட்டு நலனுக்காக என்று சொல்லி ஒரு வேலையைக் கொடுப்பான். அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்புகிறேன்.

போன மாதம் தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தது. வத்தல்மலை அடிவாரத்து ஊர். மனைவியை இழந்தவர், விவசாயம். தங்கச்சிக்கு ஸ்கூலில் வேலை, சொந்தக் காலில் நிற்கிறாள், ஆனாலும் அவளுக்கும் சம்மதம் போலத்தான் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து, "போயி நல்லா விசாரிச்சுட்டு வா சாமி" என்றார்.

"நாளைக்கே போறேன்ப்பா" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். இந்தத் தடவை ஒரு வீடு விடாமல் கேட்டுவிட வேண்டும் என்று அப்படி ஒரு வேகம்.

"அண்ணன் அலைய வேண்டாம்ப்பா. நானே போயி கேட்டுக்கறேன்" என்றாள் தங்கச்சி. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு போயி மாப்பிள்ள ஊர்ல விசாரிக்கறதா? ஊரு சிரிக்கும் புள்ள."

"சிரிக்கட்டும்ப்பா." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. "ஞாயித்துக்கெழம காலைல தர்மபுரி பஸ் எத்தன மணிக்குண்ணா?"

"ஏழே முக்காலுக்கு" என்றேன்.

தலையாட்டினாள். துணியை அலமாரியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்மபுரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.